சரியான வார்த்தை, தவறான கேபிள்

போன மாதம் கோவையிலிருந்து சித்தப்பா போன் செய்தார். ரிட்டயர் ஆகி எட்டு வருடம் ஆகிறது. காலையில் நடை, சாயங்காலம் பாட்டு என்று நிம்மதியாக இருப்பவர். ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. லேப்டாப்பில் பாட்டை ஓடவிட்டு, யூஎஸ்பி வழியாக டாக்குக்கு அனுப்பி, அங்கிருந்து ஆம்புக்குக் கொண்டுபோவார். டிஜிட்டல் எண்களை ஆம்ப் புரிந்துகொள்கிற மின்னலையாக மாற்றும் பெட்டிக்குத்தான் டாக் என்று பெயர்.

கடைக்காரர் ஒருவர் அவருக்கு ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி கேபிள் ஒன்றைக் காட்டியிருக்கிறார். விலை 45,000 ரூபாய். சித்தப்பாவுக்கு அது ஏறக்குறைய ஒன்றரை மாதப் பென்ஷன். "ஒரு வாரம் வீட்ல போட்டுக் கேளுங்க, பிடிச்சா பணம் குடுங்க" என்று கையில் கொடுத்தும் அனுப்பிவிட்டார்.

"ஏங்கண்ணு, நீ கம்ப்யூட்டர்காரன். டிஜிட்டல்னா 0, 1 தானே? கேபிள மாத்துனா பேஸ் எப்படி இறுகும்? ஆனா எனக்கு வித்தியாசம் தெரியுதே!"

நான் யோசிக்கவே இல்லை. இருபது வருடமாக மனப்பாடமாக இருக்கும் பதிலைச் சொன்னேன். "பிட்டுன்னா பிட்டுதான் சித்தப்பா. பென்டிரைவ்ல பைல் காப்பி பண்றீங்க, கேபிள் மாறினா எழுத்து மாறுதா? பணத்தை வேஸ்ட் பண்ணாதீங்க."

அவர் விடவில்லை. "அப்ப லேப்டாப்புக்கு சார்ஜர் போட்டா ஸ்பீக்கர்ல உர்ர்ருனு சத்தம் வருதே, அது எந்த பிட்டு?"

பதில் இல்லை. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததன் விளைவுதான் இந்தக் குறிப்பு. முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சொன்ன தீர்ப்பு சரி, அதற்குச் சொன்ன காரணம் தப்பு. காரணம் தப்பாக இருக்கும்போது எதிராளியை முட்டாள் என்று நினைப்பது இன்னும் பெரிய தப்பு.

கேபிளோடு வந்த பளபள அட்டையைச் சித்தப்பா போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். வெள்ளி முலாம், ஏதோ விமானத் தரக் காப்பு, அதோடு மூன்று இடத்தில் 'ஜிட்டர்' என்ற வார்த்தை. மற்றதெல்லாம் அலங்காரம். ஆனால் ஜிட்டர் வெறும் கதை இல்லை. அது ஒரு நிஜமான ஆராய்ச்சியிலிருந்து வந்த வார்த்தை. எங்கிருந்து கிளம்பி இந்த அட்டைக்கு வந்து சேர்ந்தது என்று பார்த்தால்தான் குழப்பம் தீரும்.

சிடி 1982-ல் விற்பனைக்கு வந்தது. ஒரு நொடிக்கு, ஒரு சேனலுக்கு, 44,100 மாதிரி எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட். பிறகு சிடியைப் படிக்கும் பெட்டி தனி, டாக் தனி என்று பிரித்து விற்கத் தொடங்கினார்கள். இரண்டையும் இணைக்க சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த வழி எஸ்பிடிஃப். 75 ஓம் கோஆக்ஸ் கேபிள் ஒன்று, அவ்வளவுதான். தரவுக்கு ஒரு கம்பி, கடிகாரத்துக்கு ஒரு கம்பி என்று தனித்தனியாகக் கிடையாது. இரண்டும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. ஒவ்வொரு பிட்டும் தொடங்கும்போது மின்னழுத்தம் ஒருமுறை ஏறும் அல்லது இறங்கும். 1 என்றால் நடுவில் இன்னொரு முறை மாறும், 0 என்றால் மாறாது. வாங்கும் பக்கம் இந்த மாற்றங்களையே பார்த்துப் பார்த்து, "இதுதான் வேகம்" என்று தன் கடிகாரத்தை ஓட்டிக்கொள்ள வேண்டும்.

கச்சேரி கேட்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஸ்வரம் எல்லாம் சரியாக இருக்கலாம், ஒன்றுகூடத் தப்பாமல் இருக்கலாம். ஆனால் காலப்பிரமாணம் ஆடினால் அது நல்ல பாட்டா? எஸ்பிடிஃப் கேபிளில் போவது ஸ்வரம் மட்டும் இல்லை, தாளமும் சேர்ந்தேதான் போகிறது. அந்தத் தாளத்தில் வரும் நடுக்கம்தான் ஜிட்டர்.

1992 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் 93-வது மாநாடு நடந்தது. அதில் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்போர்டு என்ற இருவர் ஒரு கட்டுரை வைத்தார்கள். அதன் தலைப்பே 'இந்த இணைப்பு முறையிலேயே குறை இருக்கிறதா?' என்கிற மாதிரி ஒரு கேள்விதான். அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் காட்டியது இதுதான்: கேபிளோ அதன் இரு முனைகளில் உள்ள சர்க்யூட்டோ போதிய அலைவரிசையைக் கடத்தாவிட்டால், செங்குத்தாக ஏற வேண்டிய அலை சரிவாக ஏறுகிறது. ஒரு மாற்றம் அடங்கி முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அதனால் அடுத்த மாற்றம் எந்த நேரத்தில் நடந்தது என்பது, அதற்கு முன்னால் போன பிட் 0-வா 1-ஆ என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் ஆகிறது. அதாவது, பாட்டே தன் தாளத்தை ஆட்டிவிடுகிறது. இதற்கு ஒரு பிட்கூடத் தப்பாக வேண்டியதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. "பிட்டுன்னா பிட்டுதான்" என்ற என் வாதத்தை 1992-லேயே உடைத்திருக்கிறார்கள். உடைத்தவர்கள் கேபிள் வியாபாரிகளும் இல்லை.

ஆனால் கொள்கையளவில் ஒரு விளைவு இருப்பது வேறு, அது காதுக்கு எட்டுவது வேறு. இங்கேதான் கணக்குப் போட வேண்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நேரம் ஒரு சீரான ஜிட்டரால் 1 நானோ நொடி முன்பின் ஆடுகிறது என்று வைப்போம். பக்கத்தில் இரண்டு பேய் ஒலிகள் முளைக்கும். அவற்றின் அளவு மூல ஒலியைவிட 90 டெசிபல் கீழே, அதாவது சுமார் 32,000-ல் ஒரு பங்கு. முழு அளவு ஒலியில் அது 16 பிட்டின் கடைசிப் படி அளவுக்குத்தான் வரும். அதுவும் மூல ஒலியின் பக்கத்திலேயே, அதன் நிழலில் ஒளிந்துகொண்டு நிற்கும். ஒலி தாழத் தாழ இது இன்னும் குறையும். 1,000 ஹெர்ட்ஸில் 110 டெசிபல் கீழே. பேஸ் 'இறுகுகிறது' என்றாரே சித்தப்பா, அந்தப் பேஸ் இருக்கும் இடத்தில் 130-ஐத் தாண்டிவிடும். ஜிட்டர் எதையாவது கெடுக்குமானால் அது உச்ச ஸ்தாயியைத்தான். கேபிள் விமர்சனங்கள் பலவும் பேஸைப் பற்றிப் பேசுகின்றன என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

மனிதக் காதை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். 1998-ல் பெஞ்சமின், கேனன் இருவரும் செய்த சோதனையில், தேர்ந்தெடுத்த இசைத் துண்டுகளில்கூடப் பத்துக்கணக்கான நானோ நொடி ஜிட்டரைச் சேர்த்தால்தான் கேட்பவர்களுக்குப் பிடிபட்டது. 2005-ல் ஜப்பானில் அஷிஹாரா குழுவினர் ஒழுங்கற்ற ஜிட்டரை வைத்துப் பார்த்தார்கள். அங்கே சில நூறு நானோ நொடி தேவைப்பட்டது. இன்று வரும் சாதாரண டாக்கில் ஜிட்டர் பெரும்பாலும் 1 நானோ நொடிக்கும் கீழே.

ஒரு துணைக்கதை. கோஆக்ஸ் கேபிள் ஒரு மீட்டர் இருக்கக்கூடாது, ஒன்றரை மீட்டர் இருந்தால்தான் நல்லது என்று ஹைஃபை உலகில் ஒரு நம்பிக்கை உண்டு. ராகுகாலம் பார்ப்பது மாதிரி இருக்கிறதே என்று சிரித்திருக்கிறேன். ஆனால் அதற்குள் ஒரு தர்க்கம் இருக்கிறது. மீட்டருக்குச் சுமார் 5 நானோ நொடி என்ற வேகத்தில் சிக்னல் போகிறது. முனையில் ஓம் பொருந்தாவிட்டால் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். நீளம் கூடினால் அந்த எதிரொலி தாமதமாக வந்து சேரும், கடிகாரம் எடுக்கிற அந்த விளிம்பைத் தொந்தரவு செய்யாது. நியாயம்தான். அதற்கு மருந்து ஓம் சரியாக இருக்கும் ஒரு கேபிள். 75 ஓம் வீடியோ கேபிள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இதெல்லாம் கோஆக்ஸ் கதை. சித்தப்பாவிடம் இருப்பது யூஎஸ்பி.

யூஎஸ்பியில் நானும் மாட்டிக்கொண்டேன். பென்டிரைவ் உதாரணம் சொன்னேனே, அது செல்லாது. பைல் காப்பி செய்யும்போது ஒரு பொட்டலம் கெட்டுப்போனால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பாட்டு போவது ஐசோக்ரோனஸ் என்ற வேறு வழி. நேரத்துக்குப் போய்ச் சேருவதுதான் அதில் முக்கியம். கெட்டுப்போனால் 'கெட்டது' என்று கண்டுபிடிக்க முடியும், ஆனால் திரும்பக் கேட்கிற ஏற்பாடு கிடையாது. பழைய வேகத்தில் மில்லி நொடிக்கு ஒரு பொட்டலம். 44,100-ஐ 1,000-ஆல் வகுத்தால் மீதி வருகிறதே, அதனால் ஒன்பது பொட்டலத்தில் 44 மாதிரிகள், பத்தாவதில் 45. இந்தச் சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பஸ் கண்டக்டர் சில்லறையைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுப்பது போல.

சரி, திரும்பக் கேட்காவிட்டால் கேபிள் மோசமானால் என்ன ஆகும்? மில்லி நொடி பாட்டு காணாமல் போகும். 'டப்' என்று கேட்கும். என்னிடம் டிஜிட்டல் வாயில்கள் உள்ள ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று இருக்கிறது. யூஎஸ்பி வழியாகப் பாட்டை அனுப்பி, அதன் கோஆக்ஸ் வெளியிலிருந்து உள்ளுக்கு 150 ரூபாய் மஞ்சள் கேபிளைச் சுற்றிப் போட்டு, ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். இரண்டு சேனலும் சேர்த்து 31 கோடியே 75 லட்சம் எண்கள். பைத்தானில் எழுதி ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். வித்தியாசம் 0. அப்புறம் கோஆக்ஸ் பிளக்கைப் பாதி உருவிவிட்டுப் பார்த்தேன். டப், டப், நடுவில் மௌனம். ஒரு தடவைகூடக் குரல் மங்கவில்லை, பேஸ் தளரவில்லை. கெட்டுப்போன பிட்டுக்கு ரசனை கிடையாது. வயலினை விட்டுவிட்டு மிருதங்கத்தை மட்டும் கெடுக்க அதற்குத் தெரியாது.

அப்படியானால் ஜிட்டர்? யூஎஸ்பி டாக்குகளில் இன்று பெரும்பாலானவை அசிங்க்ரோனஸ் முறையில் வேலை செய்கின்றன. அதில் கடிகாரம் டாக்குக்குள்ளேயே, மாற்றும் சிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்தான் லேப்டாப்பைப் பார்த்து "கொஞ்சம் கூட அனுப்பு, கொஞ்சம் குறைச்சு அனுப்பு" என்று உத்தரவு போடுகிறது. வருகிற பொட்டலங்கள் ஒரு தொட்டியில் விழும், டாக் தன் தாளத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். கேபிளில் தாளமே போகவில்லை. 1992-ல் கோஆக்ஸைப் பற்றிச் சொன்ன நியாயமான கவலையை, அது பொருந்தவே பொருந்தாத கம்பியில் ஒட்டி விற்கிறார்கள்.

ஈதர்நெட் கேபிளுக்கு இன்னும் வேடிக்கை. ஓர் அமெரிக்க நிறுவனம் 12 மீட்டர் ஈதர்நெட் கேபிளை 10,000 டாலருக்கு விலை போட்டிருந்தது. நெட்வொர்க் பிளேயர் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். பாட்டு ஓடும்போது கேபிளைப் பிடுங்குங்கள். பல பிளேயர்களில் பாட்டு இன்னும் சில வினாடிகள் ஓடும். அந்த வினாடிகளில் நாம் கேட்பது எந்தக் கேபிளின் ஒலி?

இத்தனையும் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோவை போனேன். காகிதத்தில் வென்றுவிட்டு வருவது எளிது. சித்தப்பாவுக்குக் கேட்கிறது என்கிறாரே, அதற்கு மரியாதை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் கண்ணுக்குத் தெரிய மாற்றிக் கேட்டோம். இளையராஜா பாட்டு ஒன்று, அவர் நாற்பது வருடமாகக் கேட்பது. புதுக் கேபிளில் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "கோரஸ் பின்னாடி தள்ளி நிக்குது பாரு." நடிப்பில்லை. எனக்கே ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் ஆம்ப் மேசைக்கு முன்னால் ஒரு போர்வையைக் கட்டினோம். உள்ளே சித்தி, கையில் ஒரு ரூபாய் நாணயம். பூ விழுந்தால் சாதாரணக் கேபிள், தலை விழுந்தால் 45,000 ரூபாய்க் கேபிள். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் உருவித் திரும்பச் செருக வேண்டும், இல்லையென்றால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். லேப்டாப் பேட்டரியில். வால்யூமைத் தொடக்கூடாது. நான் அடுத்த அறையில், ஏனென்றால் என் முகம் பொய் சொல்லாது. மொத்தம் 16 சுற்று. குருட்டாம்போக்கில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கு 100-க்கு 4 வாய்ப்புதான். அதனால் 12 என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டோம். நடுவில் சித்தி, "ஏனுங்க, இன்னும் எத்தனை தடவை? அடுப்புல பருப்பு கெடக்குது" என்று கேட்டு ஒரு இடைவேளை விட்டோம்.

சித்தப்பா சரியாகச் சொன்னது 9.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப காலைல நான் கேட்டது என்னது?"

இந்தக் கேள்வியைத்தான் நம்ம இன்ஜினியர் கூட்டம் நக்கலடித்துத் தாண்டிவிடுகிறது. அவர் கேட்டது நிஜம். எழுந்து உட்காரும்போது தலை நாலு விரற்கடை நகர்ந்தால் போதும், உயர் ஸ்தாயி ஒலிகள் காதில் சேரும் அளவு சில டெசிபல் மாறும். சுவரில் பட்டு வருவது ஒன்று, நேரே வருவது ஒன்று, இரண்டும் கூடுவதும் கழிவதும் இடத்துக்கு இடம் வேறு. ஜிட்டரின் 90 டெசிபல் கீழே என்பதோடு ஒப்பிட்டால் இது பிரளயம். அதோடு, புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று தெரிந்தால் மனசு கோரஸைத் தேடிக் கேட்கும். தேடினால் கிடைக்கும், ஏனென்றால் அது முன்பும் அங்கேயேதான் இருந்தது. இதைச் சொன்னேன். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது, தலையை மட்டும் ஆட்டினார்.

ஒருவர், ஒரு நாள், 16 சுற்று. இதை வைத்து உலகத்தில் யாருக்குமே கேட்காது என்று நான் சொல்ல முடியாது. காலையில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த வித்தியாசம் போர்வைக்குப் பின்னால் போனதும் எங்கே போனது என்று மட்டும் கேட்கலாம்.

பாக்கி இருந்தது அந்த 'உர்ர்'. சார்ஜரைச் செருகினால் வருகிறது, உருவினால் போகிறது. விலை உயர்ந்த கேபிளிலும் அப்படியே. யூஎஸ்பி கேபிளுக்குள் தரவுக் கம்பி இரண்டு, 5 வோல்ட் ஒன்று, கிரவுண்ட் ஒன்று. சார்ஜர் மூன்று பின், ஆம்பும் மூன்று பின். இரண்டும் வேறு வேறு சுவரில். எர்த் கம்பியில் தொடங்கி லேப்டாப், யூஎஸ்பி கிரவுண்ட், டாக், ஆம்ப், மறுபடி எர்த் என்று ஒரு பெரிய வட்டம் உருவாகிவிடுகிறது. அதில் ஓடும் மின்சாரத்தைத்தான் ஸ்பீக்கர் உறுமலாகப் பாடுகிறது. ஆக, டிஜிட்டல் கேபிள் ஒலியைக் கெடுக்கத்தான் செய்கிறது. பிட்டைத் தொடாமல், அனலாக் வழியில், கிரவுண்ட் வழியாக. வெள்ளி முலாம் பூசினாலும் வட்டம் வட்டம்தான்.

இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போட்டதும் முக்கால்வாசி அடங்கியது. மீதிக்கு ஒரு யூஎஸ்பி ஐசோலேட்டர் ஆர்டர் செய்திருக்கிறேன். மலிவானவை 12 மெகாபிட் வேகத்தில்தான் ஓடும், சிடி தரத்துக்கு அது தாராளம், ஆனால் அந்த வேகத்தில் டாக் ஒத்துழைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் போகும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சத்தம் போகும், ஒருநாள் ஆளும் போவார். செய்யாதீர்கள்.

சித்தப்பா மறுநாள் கேபிளைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் கோபப்படவில்லையாம். "உங்க சிஸ்டம் இன்னும் அந்த லெவலுக்கு வரலீங்க சார், ஆம்ப் மாத்துனா தெரியும்" என்றாராம். எந்தச் சோதனையில் தோற்றாலும் கேபிள் தோற்காது, நாம்தான் தோற்போம் என்கிற ஏற்பாடு.

சித்தப்பா வீட்டுப் பரணில் 90-களில் வாங்கிய டாக் ஒன்று கிடக்கிறது. கோஆக்ஸ் மட்டும், தொட்டி கிடையாது, கேபிளில் வரும் தாளத்தை அப்படியே பிடித்து ஓடுகிற ரகம். கேபிள் நிஜமாகவே தெரிய வேண்டுமானால் அதில்தான் தெரிய வேண்டும். இதற்கென்றே ஜூலியன் டன் என்பவர் வகுத்த சோதனை ஒலி ஒன்று இருக்கிறது. 1992 கட்டுரை எழுதிய டன் வேறு, இவர் வேறு. 11,025 ஹெர்ட்ஸ் ஒலியோடு கடைசிப் பிட்டை மட்டும் நொடிக்குச் சுமார் 230 தடவை என்ற வேகத்தில் ஆட்டி, கேபிளின் ஜிட்டரை உசுப்பிவிடும் ஒலி அது. அடுத்த தடவை சென்னை வரும்போது டாக்கை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். "தூசு தட்டிக் கொண்டுவர்றேன், ஆனா இந்தத் தடவை போர்வைக்குள்ள நீ உக்காரு" என்றார்.